மோதிரத்தின் மேல் டேப்

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கலங்களை இத்தாலியில் எங்கள் துரின் நகரத்தில்தான் செய்கிறோம். ஜன்னலே இல்லாத அந்த உலோக உருளைக்குள் ஓர்னெல்லாவும் நானும் சரக்கைக் கட்டும் பட்டைகளைப் பொருத்துகிறோம். கல்யாண மோதிரம் அவளுக்குக் கழலாது. உள்ளே எதிலும் உரசிக் கீறாமல் இருக்க அதன்மேல் டேப் சுற்றிக்கொண்டு வருவாள். உள்ளே போன சாமான் அத்தனையும் திரும்பும்வரை ஆள் வெளியே வரக்கூடாது என்பது சட்டம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில், கருவி முனையில் மாட்டும் நீல மூடி ஒன்று கணக்கில் குறைந்தது.

"கிடைக்கிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது," என்றார் மேற்பார்வையாளர் செவெரினோ.

"வெளிய நின்னுக்கிட்டு சொல்றது சுலபம். என் முட்டிதானே தேயுது," என்றேன்.

டார்ச்சோடு தவழ்ந்தோம். ஓர்னெல்லாவின் கைமேல் வெளிச்சம் பட்டபோது விரலிடுக்கில் அந்த மூடி தெரிந்தது.

"கையில வெச்சுக்கிட்டா தேடுற?" என்று பல்லைக் கடித்தேன்.

அவள் விரல்களை மடக்கினாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவன் வேலை முடிந்த நிமிடத்திலிருந்து போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். உருளைக்குள் போன் கிடையாது.

"இன்னும் கொஞ்ச நேரம் தேடலாம்டி," என்றாள்.

நான் டார்ச்சைத் திருப்பிக்கொண்டேன்.

"செவெரினோ, இன்னும் கிடைக்கல," என்று குரல் கொடுத்தேன்.