பாஸ்கு கழியட்டும்

பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் பாலாடையோடும் ஜின்னோடும் சேர்த்துக் குலுக்கி மனிதர்கள் குடிப்பார்கள் என்று நான் தெரிந்துகொண்டது பம்பாய்ச் செம்பூரில், என் சித்தியின் சமையலறையில். சித்தி அம்மாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறினால் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ரகம். அப்படிப்பட்டவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு ஜாம் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கித் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உதடுகள் வேறு அசைந்தன. கிட்டே போய்க் காது கொடுத்தால் விசுவாச மந்திரம்! ஐஸ் போடாமல் ஒரு மந்திரம், போட்ட பிறகு இன்னொன்று. அவள் வீட்டில் கடிகாரம் இல்லாமலில்லை. ஆனால் நுரை மந்திரத்துக்குத்தான் கட்டுப்படும் என்பது அவள் கட்சி. அறுபதுகளின் ஆரம்பம் அது. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன்.

சித்தப்பா கப்பலில் பான்ட்ரியில், துரைமாருக்குச் சாப்பாடும் பானமும் தயாரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். இந்தப் பானத்தை அங்கே பாரில் இருந்தவரிடம் கற்றுக்கொண்டு வந்து சித்திக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கப்பலில் அதற்கென்று வெள்ளிப் பாத்திரமும் க்ரீமும் உண்டு. இங்கே ஜாம் பாட்டிலும், காலைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து வழித்தெடுத்த ஆடையும்தான். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கடைசியில் ஆரஞ்சுத் தோலை மேலே ஒரு கிள்ளு. தெருவில் ஐஸ் விற்கும் பர்ஃப்வாலாவிடம் வாங்கிய கட்டியைத் துண்டில் சுற்றி அம்மிக் குழவியால் உடைப்பாள். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் பெர்மிட். "சர்க்காரே என்னிய நோயாளின்னு ஒத்துக்கிட்டு, நீ ஒத்துக்க மாட்டேங்க" என்று சித்தப்பா சித்தியைச் சீண்டுவார்.

சித்தி அதை ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. முட்டை வாடையே ஆகாது அவளுக்கு. ஆனால் அவர் கப்பல் வந்து சேரும் நாளில் வேறு யாரையும் பாட்டிலைத் தொட விடமாட்டாள். நுரை தம்ளரின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்க, அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏளா, மாசம் முப்பது நாளும் தொரைமாருக்கு அடிச்சி அடிச்சிக் குடுக்கேன். எனக்கு அடிச்சிக் குடுக்க நீ ஒருத்திதான் இருக்க" என்பார் சித்தப்பா. பிள்ளைகள் இல்லாத வீடு. நான் அந்த நேரத்தில் எதையாவது சாக்குச் சொல்லிக் கடைக்குக் கிளம்பிவிடுவேன். அவ்வளவு இங்கிதமாவது எனக்கு இருந்தது.

ஒரு விடுமுறையில் சித்தப்பா மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். வாயு என்றார். சித்தி நம்பவில்லை. அவர் கப்பலேறியதும் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டாள்: அவருக்கு ஒன்றும் ஆகாமலிருக்க, பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரைக்குமான அந்தத் தபசுக் காலம் முழுக்க இந்த வீட்டு வாசலுக்குள் கறி, மீன், முட்டை, ஒரு சொட்டு மது எதுவும் புழங்காது. தபசில் வெள்ளிக்கிழமை கறி தின்னாத சுத்தபோசனம் எல்லோருக்கும் உள்ளது. நாற்பது நாளும் மீன்கூட இல்லாமல் தூத்துக்குடிக்காரி ஒருத்தி இருப்பதென்பது லேசில்லை. மீதியிருந்த ஜின் பாட்டிலை அலமாரியின் அடியில் பழைய போர்வைக்குள் சுற்றி வைத்தாள். நான் வெளியே ஈரானிக் கடையில் ஆம்லெட் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன்.

பாஸ்குவுக்குப் பிறகு வரவேண்டியவர், தபசின் நடுவிலேயே வந்து நின்றார். கப்பலில் ஏதோ பழுது. சரிசெய்ய பம்பாயில் நிறுத்தியிருந்தார்கள். நாலைந்து நாள்தான், பிறகு திரும்பவும் கிளம்பவேண்டும். ஆள் வற்றிப்போயிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஏளா, பாட்டில எடு" என்றார்.

சித்தி நேர்ச்சையைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நேந்தது நீ. குடிக்கப்போறது நான். மாதாவுக்கு இதுகூடவா தெரியாது?"

"வீட்டுக்கே சேத்துல்லா நேந்திருக்கேன். உங்க நெஞ்சுக்காவத்தான். பாஸ்கு கழியட்டும், ரெண்டு தம்ளரா அடிச்சித் தாரேன்."

மறுநாள் அவரே இரண்டு முட்டை வாங்கிவந்து ஜன்னல் திட்டில் வைத்தார். சித்தி சாயங்காலம் அவற்றை எடுத்துப் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் ரசத்தைத் தம்ளரில் ஊற்றி, கையால் மூடிக் குலுக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. புறப்படும்போதும் கேட்டார், இந்த முறை விளையாட்டாக இல்லை. "அரைத் தம்ளர் போதும்ளா. நாக்கு செத்துக் கெடக்கு." அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "சரி, பாஸ்குவுக்கு அடிச்சி வை" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள்.

பாஸ்குவுக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்கு மறுநாள், கப்பல் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று இந்தியில் சொன்னார். மாரடைப்பு. ஏடனில் இறக்கி அடக்கமும் செய்துவிட்டார்கள். சித்திக்கு இந்தி நன்றாகத் தெரியும். இருந்தும் என்னைப் பார்த்து, "என்னட்டி சொல்லுதான்?" என்று கேட்டாள். அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னவள் நான்தான். அந்த வாக்கியத்தைச் சொன்ன என் வாய் இன்றும் கசக்கிறது.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். சித்தி அழாமல், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த ரெண்டு முட்டை ஒரு பகல் பூரா வீட்டுக்குள்ள இருந்துட்டு சாமி. நான் ஒடனே வெளிய குடுக்கல. நேர்ச்சை முறிஞ்சிட்டோ? அதான் மாதா கைவிட்டுட்டாளோ?"

சாமியாருக்கு மனசு உருகிவிட்டது. அவள் பக்கம் குனிந்து, "அப்படியெல்லாம் நினைக்கப்பிடாதும்மா. உன் நேர்ச்சை உன்னைத்தான் கட்டும். அவரை எப்படிக் கட்டும்? அவர் தின்னாலும் குடிச்சாலும் உன் நேர்ச்சைக்கு ஒரு பங்கமும் இல்லை. நீயே கையால குடுத்திருந்தாலும் பாவமில்லை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா சாமி?" என்றாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். துக்கச் செய்தி வந்தபோதுகூட நின்றிருந்தவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முடியும்வரை அவள் நேர்ச்சையை விடவில்லை. யாருக்காக என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாஸ்குப் பூசை முடிந்து வரும் வழியில் ஒரு முட்டை வாங்கினாள். பர்ஃப்வாலாவை நிறுத்தினாள். கறுப்புச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டிலைக் குலுக்கினாள். இந்த முறை உதடுகள் அசையவில்லை. நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

தம்ளரில் ஊற்றினாள். நுரை எழும்பி நின்றது. அவர் உட்காரும் நாற்காலியின் முன்னால் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தானே எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். குமட்டப்போகிறது என்று நான் சொம்போடு தயாராக நின்றேன். அவள் இன்னொரு மடக்குக் குடித்தாள். மேலுதட்டில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது.

"நல்லாத்தான்ட்டி இருக்கு" என்றாள். பிறகு, "அரைத் தம்ளர்தான கேட்டாவ" என்றாள்.