பத்தொன்பது நிமிடம் எரிந்த வர்த்தி

செவ்வாய்க்கிழமை காலை, ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோவில் காத்திருந்தபோது ஜரீனாவின் மகன் இர்ஃபான் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மி போய்ட்டாங்க. காலைல தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்திருக்கல." நான் அவருடைய வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோவை அவர் வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன்.

அந்த வகுப்பில் மெழுகுவர்த்தி செய்யப் படித்த உங்களுக்கெல்லாம் எங்கள் ஏற்பாடு தெரியும். கைவேலை ஜரீனாவுடையது. மெழுகுவர்த்தியின் வரலாற்றைப் பத்துப் பக்கக் கையேடாக எழுதிக்கொடுத்து, முதல் நாள் அரை மணி நேரம் பேசுவது, பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற என் பங்கு. மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, திமிங்கிலத்தின் தலையில் கிடைத்த மெழுகு, பெட்ரோலியத்திலிருந்து வந்த பாரஃபின் என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் நம் நாட்டுக்கு வருவேன். "நம் முன்னோர் இலவங்கப்பட்டையைக் கொதிக்கவைத்து மெழுகு எடுத்தார்கள்" என்பது என் செல்ல வரி. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஜரீனா கேட்டார். "டீச்சர், நீங்க அத்த பாத்துக்கீறீங்களா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு, ஜரீனா."

"எழுதனவரு பாத்தாரா?"

மறுநாளே கால் கிலோ பட்டை வாங்கிவந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். மூன்று மணி நேரம் கொதித்தது. மாடிவரை கல்யாண பிரியாணி மணம். மெழுகு மட்டும் வரவில்லை. "நல்லா கஷாயம் கீது, குடிங்க" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை.

ஜெயித்தவர் அதோடு விட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலா ஒருவர் இப்படி எழுதியிருப்பார் என்று அவருக்கு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எட்டு மாதம் கழித்து என் அபிராமபுரம் வீட்டுக்கு வந்து, சுண்டுவிரல் அளவில் ஒரு வர்த்தியை மேசைமேல் வைத்தார். நாகர்கோவில் பக்கத்து மலையில் பட்டை வியாபாரம் செய்யும் ஒருவரைப் பிடித்து, அந்த மரத்தின் பழங்களை வரவழைத்திருக்கிறார். கொதிக்கவைத்து ஆறவிட்டதும் மேலே கொழுப்பு உறைந்து நின்றதாம்.

"பட்டை இல்ல டீச்சர், பழம். நீங்க பாதி தப்பு, நான் பாதி தப்பு. ரெண்டு வர்த்திதான் வந்துச்சு. ஒண்ண நான் எரிச்சுப் பாத்துட்டேன். இத்த நீங்க எரிச்சு, எவ்ளோ நேரம்னு எழுதி வைங்க. அப்பால அந்த வரிய திரும்பப் போடலாம்."

எந்தச் சரக்கிலும் முதல் வர்த்தியை முழுக்க எரித்து நேரம் குறிக்காமல் அவர் விற்றதில்லை. எனக்கோ அதை எரிக்க மனம் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் கொலுப்பொம்மை மாதிரி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் போனில் கேட்டார், "எரிச்சீங்களா?"

"எரிச்சேனே" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் வந்துச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"சரி டீச்சர். பொஸ்தகத்த இப்போ பிரஸ்ஸுக்கு அனுப்பாதீங்க, கொஞ்சம் நிதானமா அனுப்பலாம்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டிலிருந்து திரும்பியதும் அந்த வர்த்தியை ஒரு தட்டில் நிறுத்தி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பற்றவைத்தேன். பட்டை வாசனை துளியும் இல்லை. புகை குறைவு. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக உருகி, பத்தொன்பது நிமிடத்தில் அணைந்தது.

அவருடைய வர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவுதானே எரிந்திருக்கும். என் பொய் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல், அச்சேறாமல் மட்டும் தடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்கத்திலும் துக்கத்திலும் அந்தத் தட்டின் முன்னால் அழுதேன்.

இப்போது கையேட்டில் அந்த வரி திரும்பி வந்திருக்கிறது. பட்டை பழமாகிவிட்டது. முன்னோரை எடுத்துவிட்டேன், அவர்களை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. பக்கத்திலேயே பத்தொன்பது நிமிடம் என்று போட்டிருக்கிறேன். அடுத்த வகுப்பில் யாராவது எழுந்து "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்வேன். ஜரீனாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான்.