கஸ்தூரியின் மடியில் ஓடிய கேசட்

போன மாதம் புனே கோந்த்வாவில் தண்டபாணி வீட்டுப் பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கித் திறந்தோம். முதலில் வந்தது கிரீஸ் வாடை. அதற்கு அடியில் பூஞ்சை வாடை. மூக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டால் கேசட் நாடாவின் அந்தப் புளிப்பு. பீரங்கிக் குண்டு வைத்து அனுப்புகிற பெட்டி அது. கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்த தமிழர் வீடுகளில் அந்தப் பெட்டி இல்லாத வீடே இருக்காது. கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து வந்து சிலர் கட்டிலாக்கினார்கள், சிலர் கோழி வளர்த்தார்கள். தண்டபாணி கேசட் வைத்தான். கோழி வளர்த்தவன் முட்டையாவது தின்றான்.

என்னை வரச் சொன்னது ரேவதி. தண்டபாணியின் ஒரே மகள், பேங்க் வேலை. தமிழ் பேசுவாள். பாதி வழியில் வண்டி நின்றுவிடும், ஹிந்தியில் இறங்கி நடப்பாள்.

“மாமா, பப்பா கேசட் பூரா கபாடிக்கு எடைக்குப் போடறாரு. ஒரு வாட்டி நீங்க வாங்க. அதுல… அம்மா கா ஆவாஸ்… அம்மா பேசறது இருக்குமா?”

அவள் அம்மா கஸ்தூரி இறந்தபோது ரேவதிக்குச் சரியாக நடக்க வரவில்லை. மஞ்சள் காமாலை. மழைக்காலம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. போட்டோ இருக்கிறது, குரல் கிடையாது. கல்யாணத்தை வீடியோ எடுக்கும் வசதி எங்களில் எவனுக்கும் இல்லை. இத்தனை வருஷம் அவள் அதைப் பற்றி நினைத்ததாகவும் தெரியவில்லை. போன தீபாவளிக்குப் போளூரிலிருந்து வந்த ஒரு அத்தைதான் போகிற போக்கில், “உங்கம்மா டேப்ப மடியில வெச்சிகினுதான்டி படம் பாப்பா” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்தது இவளுக்கு.

வருகிறேன் என்றேன். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சினிமாப் பாட்டு கேசட்டு சேர்த்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர். அதில் ஒன்றுமில்லை, கடையில் விற்றான், வாங்கினார்கள். நானும் தண்டபாணியும் சேர்த்தது பாட்டு இல்லை. பாட்டுக்கு நடுவில் வருவது. ஒருத்தன் வீட்டை விட்டு வெளியேறுகிறான், வசனம் கிடையாது, ஒரு நிமிஷம் வயலின் மட்டும் வரும் பாருங்கள், அது. அந்தப் பின்னணி இசையை அப்போது எந்தக் கம்பெனியும் தட்டாகவோ கேசட்டாகவோ போடவில்லை. கதை வசனம் கூடப் போட்டான், இதைப் போடவில்லை. வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போய்த் திருட வேண்டும். திருட்டுதான். அதற்குக் கலைத் தாகம் அது இது என்று பெயர் வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

புனேயில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலைக் காட்சி ஒன்றுதான். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய தியேட்டரில். ஊரெல்லாம் ஓடிக் களைத்த பிரிண்ட் எங்களுக்கு வரும், மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்திருக்கும். ஃபினாயில் நாற்றம், பீடி நாற்றம், வாசலில் வடா பாவ் எண்ணெய் நாற்றம். ஏரவாடாவிலிருந்து கொத்தனார் வேலைக்காரர்கள், கட்கியிலிருந்து நாங்கள், வானவடியிலிருந்து பட்டாளத்துக் குடும்பங்கள், எல்லாரும் ஒரே கூட்டமாக இருப்போம். வாரம் பூராவும் ஹிந்தியிலும் மராட்டியிலும் திட்டு வாங்கியவர்கள் அந்த ஒரு காலைப்பொழுதில் தமிழில் கத்தித் தீர்ப்பார்கள். விசில், அழுகை, இருமல், கதாநாயகனுக்கு அறிவுரை. பதிவு செய்ய வந்தவனுக்கு நரகம்.

டேப் ரெக்கார்டர் செங்கல் கனம். வாசலில் நின்ற பட்டான் காவல்காரன் ஆண்கள் பையைக் கொட்டிப் பார்ப்பான், பெண்கள் பையைத் தொட மாட்டான். அதனால் கஸ்தூரி எடுத்துக்கொண்டு போனாள். டிபன் பை, மேலே ஒரு துண்டு, துண்டுக்கு மேலே எலுமிச்சம்பழச் சோறு, அடியில் மிஷின். பையின் ஓரத்தில் துணியைக் கத்தரித்து அதில் வலைத்துணி வைத்துத் தைத்திருந்தாள், மைக் இருக்கிற இடத்துக்கு நேராக. தையல் அவ்வளவு நேர்த்தி. இடது பக்கச் சுவர் ஸ்பீக்கருக்குக் கீழே மூன்று சீட்டு. நடுவில் அவள். பை அவள் மடியில். படம் முடியும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பிற்பாடு அவள் மசக்கையாக இருந்தபோதும் அதேதான், வயிற்றின் மேலேயே பையை வைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்த வாய் அவளுடையது. தியேட்டரே கத்தினாலும் கேசட்டில் தூரத்தில்தான் கேட்கும். அவள் மூச்சு விட்டால் பக்கத்தில் கேட்கும்.

அவளோ சும்மா இருக்கிற பிறவி இல்லை. “ஏங்க, இவன்தான் கொன்னானா?” என்பாள். “ஐயோ, அந்தப் பொண்ண உட்டுட்டுப் போறானே பாரு” என்பாள். காமெடிக்குச் சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள், அது இன்னும் மோசம், ‘குபுக்’ என்று வரும். தண்டபாணி அவள் தொடையைக் கிள்ளுவான். நான் ‘உஷ்’ என்பேன். சைக்கிளில் வீடு திரும்பும் வழி பூராவும் அவளுக்குத் தண்டபாணியின் அர்ச்சனை.

“ஷெனாய் வர்ற எடத்துல தண்ணி கேக்குற. வாய மூடிகினு ஒக்கார முடியாதா ஒன்னால?”

“தாகம் எடுத்துது, கேட்டேன். ஒங்க ஷெனாய்க்குத் தாகம் எடுக்காது.”

கேசட்டை பென்சில் விட்டுச் சுற்றிய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை. எங்களிடம் பென்சில் சரியாக நிற்காது, பேனாவைத்தான் விட்டோம். அதை விடுங்கள். சுத்தம் செய்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

மதிய ஷிப்ட் இல்லாத நாட்களில் தண்டபாணி இரண்டு டெக்குகளைக் கம்பி போட்டு இணைத்து உட்காருவான். ஒன்றில் தியேட்டர் கேசட் ஓடும், இன்னொன்றில் புதுக் கேசட்டில் பதிவாகும். வசனம் வந்தால் பாஸ் பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்துவான். யாராவது இருமினால் பாஸ். விசிலடித்தால் பாஸ். சத்தம் போனதும் விரலை எடுப்பான். படம் ஒன்று இப்படிச் சுருங்கிச் சுருங்கி ஒரு பக்கம் கேசட்டாகும். அதைத்தான் ‘சுத்தக் காப்பி’ என்றோம். சுத்தக் காப்பி ஆனதும் தியேட்டர் கேசட்டை அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்துப் போவோம், அதன் மேலேயே அடுத்த படம். நல்ல கேசட் விலைக்கு எங்களால் வாரம் ஒன்று வாங்க முடியாது. ஒரு ஞாயிற்றுக் கஸ்தூரியின் மேல் அடுத்த ஞாயிற்றுக் கஸ்தூரி பதிவாகிக்கொண்டே போனாள். கடைசியில் அந்தக் கேசட்டுகளும் தேய்ந்து அறுந்து போயின.

மனைவி குரலைக் கேட்கத் தாங்காமல் அழித்தான் என்று கதை கட்டினால் நன்றாகத்தான் இருக்கும். கிடையாது. அவள் உயிரோடு இருந்தபோது, அடுத்த அறையில் ஸ்டவ்வை பம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது அழித்தான். நான் போனால் டீயை வைத்துவிட்டுச் சொல்வாள்:

“ண்ணா, ஒங்க பிரண்டு இன்னிக்கு என்ன எத்தினி வாட்டி வெட்டுனாருன்னு கேளு.”

“நாலு ரீலுதான் ஆயிருக்குது. இரு, இன்னும் கீது” என்பான் அவன். மூன்று பேரும் சிரிப்போம்.

அவன் காது அப்படி. எந்தக் கேசட்டையும் எடுத்து இரண்டு நொடி போட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு, “மூணாவது ரீலு, மாமனார் சாவு, அடுத்து செல்லோ வரும்” என்பான். வரும். ஃபாக்டரி கேன்டீனில் பந்தயம் கட்டியே டீ குடித்தவன்.

அந்தக் காதுக்கு இப்போது வேலை இல்லை. நாங்கள் பட்ட பாடெல்லாம் இன்றைக்குப் போனில் கிடக்கிறது. வானவடியில் என் மகன் வீட்டு லிஃப்டில் ஒரு பையனின் போன் அடித்தது. அந்த ஒரு நிமிஷ வயலின். ஒரு தூசி இல்லை. எங்கே பிடித்தாய் என்றேன். “ஃப்ரீயா இருக்கு அங்கிள்” என்றான். அவன் காதைப் பிடித்துத் திருகலாம் போலிருந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

இனி கோந்த்வாவுக்கு வருகிறேன். என் பழைய டெக்குக்குப் புதவார் பேட்டையில் பெல்ட் மாற்றி, ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி எடுத்துப் போனேன். தண்டபாணி சோபாவில் இருந்தான். எழுந்திருக்கவில்லை.

“இன்னாத்துக்குடா இத்தத் தூக்கினு வந்த? எல்லாம் போன்ல கீது. என்னுத வுட க்ளீனா கீது.”

ரேவதி அவனிடம் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. இப்போதுதான் சொன்னாள். “பப்பா, இதுல அம்மா பேசினது இருக்குமாமே. அத்தை சொன்னாங்க. எனக்குக் கேக்கணும். பஸ், ஏக் பார்… ஒரே ஒரு வாட்டி.”

“இதுல அவ இல்லமா” என்றான். “ஒரு எடத்துல கூட இருக்க மாட்டா. நான் அவ்ளோ சுத்தமா எடுத்திருக்கேன்.”

சொல்லும்போது பழைய பெருமை முகத்தில் வந்தது. வந்த பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. வாயைத் திறந்தபடி மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் சொன்னேன், இரு, மனுஷன் விரல் எப்போதும் கொஞ்சம் தாமதம். சத்தம் கேட்ட பிறகுதானே பாஸை அமுக்க முடியும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் அந்தச் சத்தத்தின் தலை கொஞ்சம் நின்றிருக்கும். முழுசாக இல்லாவிட்டாலும் தலை இருக்கும்.

கேட்க ஆரம்பித்தோம். பாதிக் கேசட்டில் பூஞ்சை, ஓடவே இல்லை. ஓடியவற்றில் யாரோ ஒருத்தனின் இருமல் தலை. ஒரு குழந்தையின் வீறிடல் தலை. விசிலின் முதல் காற்று. அந்தத் தியேட்டர் கூட்டம் முழுவதும் கழுத்து வெட்டுப்பட்டு வரிசையாகக் கிடந்தது. ஓரிடத்தில் ‘உ’ என்று என் குரல்கூட வந்தது. ரேவதி ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். மதியம் தொடங்கியது, டீ நேரம் தாண்டியது, யாரும் டீ போடவில்லை.

அப்போது வந்தது. வயலின் இறங்குகிறது, ரொம்பப் பக்கத்தில், காதுக்குள்ளேயே சொல்கிற மாதிரி, “ஏங்…” டக். அவ்வளவுதான்.

தண்டபாணி சோபாவை விட்டு எழுந்துவிட்டான். யாரும் சொல்லாமலே ரேவதிக்குத் தெரிந்துவிட்டது.

“வாபஸ் போடுங்க மாமா.”

போட்டேன். “ஏங்…” டக். மறுபடி. மறுபடி. ‘ஏங்க’ என்பதற்குக் கடைசி எழுத்துகூட மிச்சமில்லை. அதற்குள் இருந்த சிரிப்பு மட்டும் தெரிந்தது. ஏதோ கேலியாகக் கேட்கப் போகிறாள்.

“இதுக்கு அப்புறம் அம்மா என்ன சொன்னாங்க, பப்பா?”

தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டான், கேன்டீனில் மூடுவானே, அதே மாதிரி. சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். எத்தனை ரீல்களை மனப்பாடமாக வைத்திருந்தவன். உதடு அசைந்தது.

“இதுக்கு அப்புறம் ஷெனாய் வரும்மா” என்றான்.

பொத்தானை அமுக்கினேன். ஷெனாய் வந்தது.

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள். “இன்னொரு வாட்டி மாமா. நான் ரெகார்ட் பண்ணிக்கறேன்.” நாடாவைப் பின்னால் ஓட்டி விட்டேன். வயலின் இறங்க ஆரம்பித்தது. தண்டபாணி ஒரு அடி முன்னால் வந்து, “ரேவு, ஒங்கம்மா அன்னிக்கு…” என்று ஆரம்பித்தான்.

“பப்பா, சுப்!” என்று கையைத் தூக்கினாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஒரு கேசட் போக மற்றதெல்லாம் மறுநாள் கபாடிக்காரன் தராசில் ஏறியது. பெட்டியை மட்டும் மரத்துக்காகத் தனியாகக் கேட்டு வாங்கிப் போனானாம். தியேட்டர் இருந்த இடத்தில் தகரம் அடைத்து உள்ளே கார் நிறுத்துகிறார்கள். ஞாயிறு காலை அங்கே கூடிய ஜனம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளைகள் மாலில் படம் பார்க்கிறார்கள், தமிழ் புரியாமல் கீழே ஓடும் இங்கிலீஷைப் படிக்கிறார்கள். விசிலடிப்பவன் யாருமில்லை.

போன வாரம் தண்டபாணியைப் பார்த்தேன். அன்றைக்கு ரேவதியிடம் என்னமோ சொல்ல வந்தாயே, கஸ்தூரி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“எப்போ?” என்றான். நிஜமாகவே மறந்திருந்தான்.