கை பட்ட சுவர்

மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் அந்தக் கோயிலை முதன்முதல் பார்த்தபோது கிறேஸுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னாரில் அவள் பூசைக்குப் போன கோயிலில் கோபுரம் இருந்தது. வாசலிலேயே அந்தோனியார் நின்றார். இங்கே வெறும் கொங்கிறீட். பூச்சில்லை, வர்ணமில்லை. வார்க்கும்போது அடித்த பலகைகளின் வரிகள்கூடச் சுவரில் அப்படியே பதிந்து கிடந்தன.

"இதென்னப்பா கோயில், கார் விடுற கராச் மாதிரி."

"கராச்செண்டால் ஹீற்றர் போட்டிருப்பாங்கள்," என்றான் கணவன் றெக்ஸ்.

மகள் ஷெரோன் அப்போது வயிற்றில். சப்பாத்தோடு உள்ளே போக மனம் வராமல், கதவடிச் சுவரில் கையூன்றிப் பனிச்சப்பாத்தைக் கழற்றினாள் கிறேஸ். ஊரில் அந்தோனியார் சுரூபத்தைத் தொட்ட பழக்கத்தில் அந்தக் கையை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். பின்னால் வந்த சனம், அங்கே ஏதோ விசேஷம் இருக்கிறதாக்கும் என்று தாங்களும் தொட்டு முத்தி செய்தது. பேந்து வந்தவர்களுக்கு அதுவே வழக்கமாயிற்று. தலைக்கு எண்ணெய் வைத்த கைகள் பட்டுப்பட்டு அந்த இடம் கறுத்து, வழுவழுத்துப் போனது.

றெக்ஸ் டவுன்டவுன் ரெஸ்ரோரன்ற் சமையலறையில் இரவு வேலை முடித்து நேரே பூசைக்கு வருவான். வெங்காயம் மணக்கும் கையால் சுவரைத் தொடுவான். கூரை இடுக்கால் விழும் வெளிச்சம் பீடத்துக்கு நகர்ந்து வருமுன்னம் தூங்கிவிடுவான். அந்த வெளிச்சத்துக்காகவே கிறேஸுக்குக் கோயில் பிடித்துப்போனது. இப்போது றெக்ஸ் இல்லை.

"அம்மா, வாற கிழமை கோயில் சுவரெல்லாம் கழுவப்போகினமாம்," என்றாள் ஷெரோன் ஒருநாள். "சனிக்கிழமை கட்டடம் பார்க்க ஆக்களை விடுகினம். போவமா?"

போனார்கள். சுற்றிக்காட்டிய செலீன் என்ற பெண், பலகை வரிகளைத் தடவித் தடவிப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டு வந்தாள். கதவடிக்கு வந்ததும், இந்தக் கறுப்பு, தண்ணீர் ஊறியதால் வந்ததாக இருக்கலாம் என்றாள்.

"தண்ணியில்லை, எங்கடை கையெண்டு சொல்லு பிள்ளை," என்றாள் கிறேஸ். "அப்பான்ரை கையும் அதிலை கிடக்கு. இந்தத் துண்டை மட்டும் விடச்சொல்லிக் கேள்."

ஷெரோன் சொன்னாள். செலீன் தன் கையையும் அங்கே வைத்துப் பார்த்தாள். ஒரு துண்டை விட்டால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும், எல்லாம் முடிவாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். கிறேஸ் உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி, மற்றவர்கள் போன பிறகும் நின்றாள்.

கழுவி முடித்த ஞாயிறு காலை கிறேஸ் தலைக்கு அப்பி அப்பி எண்ணெய் வைத்தாள்.

"கை கழுவேல்லையோ அம்மா?"

"நீ காரை எடு."

வழி முழுக்க அந்தக் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். சுவர் முதல் நாள் பார்த்ததுபோல் வெளிறி, கரடுமுரடாக நின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கையை அழுத்தி வைத்தாள்.

"கிருமி" என்று இத்தனை காலமும் அந்த இடத்தைத் தொடாத ஷெரோன், தாயின் தலையை ஒருமுறை நன்றாகத் தடவிக்கொண்டு, பக்கத்தில் தன் கையை வைத்தாள்.