மஞ்சள் வைத்த நுண்ணோக்கி

ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காத இயந்திரமே கிடையாது. ரோபோவின் கைக்கே குங்குமம் வைப்பார்கள். நான் வேலை பார்த்த சின்ன ஆய்வகத்தில் நுண்ணோக்கியைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதாவது, காலையில் அதன் மேலிருக்கும் துணியை எடுப்பேன், மாலையில் போர்த்துவேன். பூஜையன்று, துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மஞ்சள் குழைத்து வந்தபோது, “லென்ஸுல பட்டுடப் போவுது, இங்க வையிக்கா” என்று நிபுணன் போல, லென்ஸுக்கு நேரே செல் தட்டு வைக்கும் மேடையைக் காட்டினேன்.

விடுமுறை முடிந்து, சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த திருநெல்வேலி ஆராய்ச்சி மாணவி உயிருள்ள செல்களோடு வந்தாள். அவள் செய்த நானோ துகள்கள் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அவை செல்லுக்குள் போயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மதியம் அவளுடைய பேராசிரியர் வருகிறார். இந்த முறையும் ஒன்றும் தெரியாவிட்டால் ஆய்வையே கைவிடச் சொல்லிவிடுவார்.

துகள் சேர்த்த செல்கள் இருந்த தட்டை மேடையில் வைத்து, அறை விளக்கை அணைத்து, நீல ஒளியைப் போட்டோம். பார்த்த இடமெல்லாம் பச்சை.

“அண்ணாச்சி, வந்துட்டு! எப்படி மின்னுது பாருங்க!”

“நம்ம மிஷினுன்னா சும்மாவாம்மா?” என்றேன், துகளை நானே செய்த மாதிரி.

ஒப்பிட்டுப் பார்க்க, துகளே சேர்க்காத செல்கள் இருந்த தட்டை வைத்தாள். அதுவும் பச்சை. அவள் சட்டென்று தட்டைத் தூக்கி அடியில் தடவினாள். விரலில் மஞ்சள்.

“என்ன அண்ணாச்சி இது?”

வாசலில் நின்ற அக்கா எட்டிப் பார்த்தார். “சாமி மஞ்சா பாப்பா. இவருதான் அங்க வைக்கச் சொன்னாரு.”

மஞ்சளும் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும் என்பது நிபுணனுக்குத் தெரியாது.

“நல்லா பூச போட்டிய போங்க. மொதல்ல தொடைங்க!”

மேடையையும் தட்டுகளின் அடியையும் ஸ்பிரிட்டால் துடைத்தோம். முதல் தட்டைத் திரும்ப வைத்தாள். ஒரே இருட்டு.  அவள் படத்தைத் தெளிவாக்கும் திருகை மெதுவாகத் திருகினாள், நிறுத்தினாள், மூச்சுவிட்டாள். துகள் சேர்க்காத தட்டில் பச்சை இல்லை என்று பார்த்துவிட்டு, மறுபடி முதல் தட்டை வைத்து என்னைக் கூப்பிட்டாள். ஒரு செல்லின் உட்கருவைச் சுற்றி ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள், லேசாக நகர்ந்துகொண்டு.

“ரொம்பக் கொஞ்சமா இருக்கேம்மா?”

“இருக்கட்டும் அண்ணாச்சி. உள்ளதான இருக்கு.”

என்னைத் தள்ளிவிட்டு, கண்ணை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள்.