வேப்பிலை வெந்த வாசனை

அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்கு ஊற்ற, வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பார்களே, அந்த வாசனை...

ஓடுகிற காருக்குள் அது வந்தால் எப்படி இருக்கும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் போன காருக்குள் வந்தது. அன்றிலிருந்து அந்த வாசனை எங்கே அடித்தாலும் என் கை சில்லிட்டுப் போகும்.

அப்போதுதான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். சிதம்பரத்தில் அக்காவுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குக் கடலூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாங்கியிருந்த பழைய காரில்தான் போயிருந்தோம்.

கிளம்புகிற நேரத்தில் அக்காவின் மாமியார் வந்து காரை மறித்தார்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆத்தத் தாண்டிப் போவுது. வேப்பில கட்டாம அனுப்ப மாட்டேன்."

எங்கள் வீட்டில் என்றால் ஒரு கொத்துச் சொருகுவார்கள், அவ்வளவுதான். அவரோ வாசல் மரத்தில் கிளை கிளையாக ஒடித்து, காரின் முகப்பு முழுக்க மஞ்சள் கயிற்றால் கட்டிவிட்டார். நம்பர் பிளேட்டே தெரியவில்லை.

"போதுங்க்கா. வண்டியா, தேரான்னே தெரியல," என்றார் மாமா.

"சும்மா இரு தம்பி. மொதப் புள்ள."

அதற்கு மேல் எப்படி மறுப்பது? சம்பந்தி வீடாயிற்றே.

அக்னி வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முன் சீட்டில். பின்னால் நானும் அக்காவும், காலடியில் கலந்த சாதத் தூக்குகள். அக்காவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். சிதம்பரம் தாண்டியதுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

முதலில் வாசனைதான் வந்தது.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "ஆத்தா கூடவே வரா, பாரு..."

மாமாவும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டியைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினோம். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். மாமா ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னா இது... இழுக்க மாட்டேங்குதே..."

இஞ்சின் ஒரு உதறு உதறியது. அப்புறம் அடங்கிப்போனது. ஏசிச் சத்தமும் நின்றது.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அக்காவின் வளையல். அவள் திடுக்கிட்டு விழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய பாலம் அது. ஒதுங்க இடம் கிடையாது. எதிரில் ஒரு பஸ் போனபோது பாலமே அதிர்ந்தது. பாலத்தில் ஏறுகிற இடத்தில் ஒரு வளைவு. அதைத் திரும்பி வேகமாக வருகிறவனுக்கு நாங்கள் நிற்பதே தெரியாது. வந்து மோதினால் பின் சீட்டில்தான் மோதுவான்.

பின் சீட்டில் அக்கா. அவள் வயிற்றில் குழந்தை.

மாமா இறங்கி பானட்டைத் தூக்கினார். குபீரென்று ஆவி. அம்மா அக்காவை இறக்கப் பார்த்தாள். வீங்கின காலோடு அவளால் சட்டென்று எழ முடியவில்லை.

"செல்வி! பின்னால ஓடு! வர்ற வண்டிக்குக் கை காட்டு!" என்று மாமா கத்தினார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "போவாதடி... உன்ன அடிச்சிடுவான்டி..."

கையை உருவிக்கொண்டு ஓடினேன். வளையல் கீறியது அப்போது தெரியவில்லை.

வளைவில் ஒரு லாரி திரும்பியது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. என் சிவப்புத் துப்பட்டாவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஹார்ன்... பிரேக் தேய்கிற சத்தம்... கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது லாரியின் சூடு என் முகத்தில் அடித்தது. கூடவே பலாப்பழ வாசனை. இறக்கிவிட்டுப் பண்ருட்டிக்குத் திரும்புகிற காலி லாரி.

"ஏ பாப்பா! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?"

காரைக் காட்டினேன். பிறகு என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"அட, புள்ளத்தாச்சின்னு வாயத் தொறந்துதான் சொல்லேன்!"

டிரைவர் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவரும் மாமாவும் காரைத் தள்ளினார்கள். நான் ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே பாலத்தின் கடைசி வரை நடந்தேன்.

அக்கரையில், மர நிழலில்தான் மாமா காரின் முகப்பைத் தொட்டார். தொட்ட கையை உதறினார். இலையெல்லாம் வெந்து கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சினுக்குக் காத்து போற வழியவே அடச்சிட்டமே..."

அவிழ்க்கப் போனவரின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "வாணான்டா. வூட்டுப் படி ஏறாம அவுக்கக் கூடாது. புள்ளைக்கு ஆவாது."

"ஆத்தாளுக்கே ஆவி புடிச்சி வுட்டுட்டீங்களேம்மா," என்றார் லாரி டிரைவர்.

அம்மா அப்போதும் மாமாவின் கையை விடவில்லை.

அக்காதான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "எங்கிட்ட குடு மாமா. என் மடியில இருக்கட்டும். ஆத்தா எங்கூடவே வரட்டும்."

அம்மா பிடியை விட்டாள். இஞ்சின் ஆறித் தண்ணீர் ஊற்றியபின் வண்டி கிளம்பியது. வெந்த இலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்தபடியே அக்கா கடலூர் வரை வந்தாள்.

இப்போது அவள் பையன் ஓடி விளையாடுகிறான். மாமா அந்தக் காரை விற்றுவிட்டார். ரோடெல்லாம் அகலமாகிவிட்டது. அக்காவின் மாமியார் இன்னமும் வேப்பிலை கட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் ஒரே ஒரு கொத்து, அதுவும் உள்ளே, கண்ணாடியில்.

அக்காவுக்குப் போன் போட்டால், "இருடி, புள்ள அழுவுறான்," என்று பாதியில் வைத்துவிடுகிறாள்.

அவளைப் பார்க்க நான் பஸ்ஸில் தனியாகத்தான் போகிறேன். பாலம் வந்தால் போதும், காது இஞ்சின் சத்தத்துக்குப் போய்விடும். கொஞ்சம் சத்தம் மாறினாலும் என் மணிக்கட்டை நானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பிடிக்க அக்கா இருந்தாள்...