சும்மா கிடந்த டிஸ்க்

வேங்கிக்கால் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பலராமனுக்கு ‘சர்வர் சார்’ என்று பெயர். கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். சர்வரை இயக்கும் லினக்ஸில் பழம் தின்று கொட்டை போட்டவராம். மௌஸைத் தொடுகிறவர்களைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார். எந்தக் கமாண்டையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். அது என்ன செய்யும் என்று கேட்டால்தான் தொண்டையைச் செருமுவார். ஸ்கேன் படங்களைக் கவனிக்கும் சைலஜாவுக்கு அவரோடு ஒரே அறை. என்ன பாவம் செய்தோமோ என்று நினைத்துக்கொள்வாள்.

படங்கள் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து சர்வருக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் மல்டிபாத் என்று பெயர். இரண்டு வழி இருப்பதால் ஒரே டிஸ்க் லினக்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு பெயர்களில் தெரியும்.

படங்களை வைக்க டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று முதலாளி கத்தினார். பேக்கப்பை அதற்கு முன்பே ‘இடத்தை அடைக்குது’ என்று நிறுத்தியிருந்த பலராமன், டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் எஃப்டிஸ்க் கமாண்டை அடித்துப் பார்த்துத் துள்ளினார்.

“ஒரே சைஸுல ரெண்டு டிஸ்க் சார்! ஒண்ணு சும்மா கிடக்குது. புதுசு எதுக்கு?”

முதலாளி போனதும் சைலஜா சொன்னாள். “சார், ரெண்டும் ஒண்ணுதான். மல்டிபாத் லிஸ்ட்டைப் பாத்துட்டுத் தொடுங்க.”

“எனக்கே பாடமா? நீ படத்தைப் பாரும்மா.”

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள், நோயாளிகள் ரொம்பக் கம்மி. சர்வர் வேலையெல்லாம் அங்கே அன்றைக்குத்தான் நடக்கும். சைலஜா சாப்பிடப் போன நேரத்தில் பலராமன் ‘சும்மா கிடந்த’ எஸ்டிசியை ஃபார்மட் செய்யப் பார்த்தார். இது உபயோகத்தில் இருக்கிறது, முடியாது என்று லினக்ஸே மறுத்தது. கொஞ்சமாவது புத்தி இருக்கிறவன் அங்கே கையை எடுத்திருப்பான்.

“அடம் புடிக்குது பாரு” என்று டிடி கமாண்டைப் போட்டு, டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதவிட்டார். டிடி யாரையும் எதுவும் கேட்காது. அவருக்கு ஏற்ற ஜோடி.

சைலஜா திரும்பி வந்தபோது ஒரு படமும் திறக்கவில்லை. பலராமனின் திரையில் டிடி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ரஹமத்துன்னிசா வருகிறார். தலைக்குள் இருக்கும் கட்டி வளர்ந்திருக்கிறதா, ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். சைலஜா ஓடிப்போய் டிடியை நிறுத்தினாள். போனது போனதுதான்.

காலையில் புதுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டர் கையை விரித்தார். இன்னும் ஆறு மாசம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ரஹமத்துன்னிசாவின் மகள் ஃபரா நேராக சர்வர் அறைக்கே வந்துவிட்டாள்.

“அதுவரைக்கும் அம்மா பயந்துகிட்டே இருக்கணுமா? படம் எங்கங்க போச்சு?”

பலராமன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. “சிஸ்டம் ப்ராப்ளம்மா. உனக்குச் சொன்னாப் புரியாது.”

சைலஜாவுக்கு அருவருப்பாக இருந்தது.

“சிஸ்டம் வேணாம்னுதான் சொல்லுச்சு. இவரு கேக்கல. உங்கம்மா படத்த அழிச்சது இவருதாங்க. வாங்க, முதலாளிகிட்ட போலாம், நானே சொல்றேன்.”